கண்ணாடியில் நிற்கும் நீர்

(அரிசி ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொதிகலனைப் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியன் ஒருவனை அழைத்திருக்கின்றீர்கள். 'பொறியாளர் ஒருவரும் கிடைக்கவில்லையா?' என்று பின்வரிசையில் எழுந்த முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. அதில் ஞாயம் உண்டு. நான் உமி தள்ளியவனல்லன். அடுப்பு வாயில் முகம் காய்ந்தவனுமல்லன். இலக்கணம் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். ஆயினும் இம்மேடையில் நிற்க எனக்கொரு கரணியம் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு வைகறையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். புழுங்கல் நெல் அவிக்கும் ஆலையொன்றில் இரவு முறையில் கொதிகலனைப் பார்த்துக் கொள்ளும் வேலை அவனுக்கு. மேலெல்லாம் சாம்பல். கை நடுங்கியது. "ஐயா, இரவு பிழைத்தேன்" என்றான்.

நடந்தது இது. கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிகள் இரண்டனுள் ஒன்று உடைந்து பல திங்களாயிற்று. அதன் வாய்களை மூடிவைத்திருந்தனர். எஞ்சிய ஒன்றில் நீர் பாதியளவு நின்றது. பாதி நிற்கிறதே என்று அவன் எக்கியை ஓட்டவில்லை. அன்று ஆவிச் செலவும் குறைவு. இரண்டு மணி நேரம் சென்றது. பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், வழக்கம்போல் தேநீர் குடிக்க வந்தவர், கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கோடு அசையவே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். அடுப்பெரியும் கொதிகலனில் நீர் ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியிலும் அவ்வாட்டம் தெரியும். வரைந்து வைத்த கோடுபோல் நின்றால் ஐயுற வேண்டும். முதியவர் தாமே திருகுகளைத் திருகிப் பார்த்தார். கீழ்க்குழாய் வழியாகச் சில துளிகளே சொட்டின. குழாய் அடைத்துக் கிடந்தது.

"எக்கியை ஓட்டு, எக்கியை ஓட்டு" என்று மேற்பார்வையாளர் கத்தினாராம். முதியவர் விடவில்லை. உமி விழுவதை நிறுத்தி, காற்றை நிறுத்தி, எரியும் தணலை வாரி வெளியே இழுக்கச் செய்தார். மறுநாள் ஆறிய பின் திறந்து பார்த்தபோது, மேல்வரிசைக் குழாய்களுக்கு மேல் இரண்டு விரற்கடை நீரே இருந்தது. கண்ணாடி இறுதிவரை பாதியையே காட்டிக்கொண்டிருந்தது. ஊற வைத்த நெல் வீணாயிற்று என்று அவன் கூலியில் பிடித்தம் செய்தனர் என்பது வேறு செய்தி. அதைப்பற்றி இங்குப் பேச வந்தேனல்லேன்.

அவன் என்னைக் கேட்ட கேள்விதான் என்னை இம்மேடைக்குக் கொண்டுவந்தது. "ஐயா, கீழ்க்குழாய் அடைத்துக் கொண்டால் கண்ணாடியில் நீர் குறையத்தானே வேண்டும்? ஏன் குறையவில்லை?" எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடை ஆலைச் சுவரிலேயே இருந்திருக்கலாம். சட்டமிட்ட தாளொன்று அங்குத் தொங்குகிறது. நான்காண்டுகளாக அதன் கீழ் அமர்ந்து சோறுண்ட என் மாணாக்கன் அதைப் படித்ததேயில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. அன்று முதல் நூல்களைத் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். கற்றதைச் சொல்கிறேன், பிழையிருப்பின் திருத்துங்கள்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். இட்டலியோ கொழுக்கட்டையோ அவிக்கும்போது, பானை நீரில் ஒரு காசையோ சிறு கல்லையோ நம் தாய்மார் போட்டு வைப்பதுண்டு. நீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று தாளமிடும். ஓசை நின்றால் நீர் வற்றிற்று என்று பொருள். மூடியைத் திறவாமலே உள்ளிருக்கும் நீரை அறிய அவர்கள் கண்ட வழி அது. கொதிகலனும் மூடிய பானையே. அதன் மூடியைத் திறக்க முடியாது; உள்ளே 100 பவுண்டு அழுத்தம் நிற்கிறது. அவ்வழுத்தத்தில் நீர் கொதிப்பது 100 பாகையில் அன்று. ஏறத்தாழ 170 பாகையில். அத்தகைய நீர் ஆயிரம் இலிட்டர், கலன் கிழிந்து ஒரு நொடியில் வெளிப்பட்டால், அதில் எட்டில் ஒரு பங்கு அப்பொழுதே ஆவியாகும். ஏறத்தாழ 200 கன மீட்டர் ஆவி! ஒரு வீட்டை நிரப்பும் அளவு. கொதிகலன் வெடித்தால் கட்டடம் நிற்பதில்லை என்பது இதனால்தான்.

நீர் குறைந்தால் கலன் ஏன் கிழிய வேண்டும்? இரும்புத் தகட்டின் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நீர். நீர் உள்ளவரை தகட்டின் வெப்பத்தை அது வாங்கிக்கொண்டே இருக்கும். தகடு நீரைவிடச் சிறிதே மிகுந்த வெப்பத்தில் நிற்கும். நீர் விலகிவிட்டால் வாங்குவார் இல்லை. ஆவி அந்த வேலையைச் செய்யாது. 550 பாகை அளவில் எஃகு தன் வலிவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. அழுத்தமோ குறையவில்லை. தகடு முதலில் புடைக்கும், பின்னர்க் கிழியும். காப்பு வாய் இருக்கிறதே என்பீர்கள். அழுத்தம் மிகுந்தால்தான் அது திறக்கும். இங்கு மிகுந்தது அழுத்தமன்று, குறைந்தது தகட்டின் வலிவு. அழுத்த அளவியின் முள் வழக்கமான இடத்தில் நிற்கும்போதே கலன் வெடிக்கலாம்.

ஆகவே எல்லாம் அந்தக் கண்ணாடியைப் பொறுத்தது. அதன் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். மேலே ஒரு வாய் ஆவிப்பகுதிக்கு. கீழே ஒரு வாய் நீர்ப்பகுதிக்கு. அடியில் வடித்து விடும் வாய் ஒன்று. இம்மூன்றுக்கும் நான் 'ஆவித்திருகு', 'நீர்த்திருகு', 'கழிவுத்திருகு' என்று பெயர் ஆக்கி எழுதி வைத்திருந்தேன். அந்த முதியவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "நாங்கள் மேல்வாய், கீழ்வாய், வடிவாய் என்போம் ஐயா" என்றார். என் சொற்களைக் கிழித்தெறிந்தேன். உழைப்பவன் வாயில் பிறந்த சொல் இருக்கும்போது பண்டிதன் சொல் எதற்கு? அவருக்கும் ஒரு சொல் மட்டும் இல்லாதிருந்தது. முழுக் கருவியையும் 'கேசு கிளாசு' என்றே சொல்லி வந்தார். நாள்காட்டி, வழிகாட்டி போல 'நீர்காட்டி' எனலாமா என்றேன். ஏற்றுக்கொண்டார். (கொதிகலன் என்பது வினைத்தொகை; 'கொதிக்கலன்' என்று வல்லெழுத்து மிகுத்துச் சில ஆலைப் பலகைகளில் எழுதியிருப்பது பிழை. இதைச் சொல்லாவிடில் எனக்கு உறக்கம் வாராது.)

இனி என் மாணாக்கன் கேள்விக்கு வருவோம். நீர்காட்டி கொதிகலனுக்கு வெளியே நிற்கிறது. ஆகவே உள்ளிருப்பதினும் சற்றுக் குளிர்ந்தது. மேல்வாய் வழியே வரும் ஆவி, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டுத் துளித்துளியாக நீராகிறது. மிகுந்த அந்நீர் கீழ்வாய் வழியே கலனுக்குத் திரும்பிவிடுகிறது. ஆதலின் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒத்து நிற்கின்றன. கீழ்வாய் அடைத்துக்கொண்டால் என்னாகும்? ஏற்கெனவே நின்ற நீர் இறங்க வழியில்லை. மேலிருந்து துளிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கலனில் நீர் குறையக் குறையக் கண்ணாடியில் அது நின்றபடியே நிற்கும். மெல்ல ஏறவும் செய்யும்!

மேல்வாய் அடைத்தாலோ? கண்ணாடிக்குள் சிறைப்பட்ட ஆவி குளிர்ந்து சுருங்கும். அது விட்ட இடத்தைக் கீழ்வாய் வழியே கலனின் அழுத்தம் நீரால் நிரப்பும். அப்பொழுதும் கண்ணாடியில் நீர் ஏறியே தெரியும். தோழர்களே, இதை நன்கு உள்ளத்தில் இருத்துங்கள். எந்த வாய் அடைத்தாலும் கண்ணாடி இல்லாத நீரையே இருப்பதாகக் காட்டும். நீர் குறைவாகக் காட்டிப் பொய்யுரைத்தால் நாம் வீணே எக்கியை ஓட்டுவோம், அவ்வளவே. இதுவோ நம்மை உறங்கச் செய்யும் பொய்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கண்ணாடி முழுதும் நிரம்பியிருந்தாலும் வெறுமையாய் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் கோடு இல்லை. இதற்காகவே சில நீர்காட்டிகளின் பின்னே சாய்கோடுகள் வரைந்த தகடு வைக்கின்றனர். நீர் நிற்கும் பகுதியில் அக்கோடுகள் மாறிச் சாய்ந்து தெரியும். உங்கள் ஆலையில் அத்தகடு கரி படிந்து கிடந்தால் இன்றே துடையுங்கள்.

எப்படி ஆய்வது? பலரும் வடிவாயை மட்டும் திறக்கின்றனர், 'புசு'வென்று சீறுகிறது, 'நன்று' என்று மூடிவிடுகின்றனர். என் மாணாக்கனும் நான்காண்டுகளாக அதையே செய்து வந்தான். அச்சீற்றம் மேல்வாயிலிருந்து மட்டும் வந்திருக்கலாமே! இரு வாய்களையும் தனித்தனியே கேட்டாக வேண்டும். கீழ்வாயை மூடி வடிவாயைத் திற. ஆவி வலிவாகச் சீறினால் மேல்வாய்க்குக் குற்றமில்லை. பின் மேல்வாயை மூடிக் கீழ்வாயைத் திற. நீர் பாய்ந்தால் கீழ்வாய்க்கும் குற்றமில்லை. இங்கே பழகிய கண் வேண்டும். 170 பாகை நீரும் வெளிவந்தவுடன் பாதி ஆவியாகவே தோன்றும். ஆவி, குழாய் முனையில் கண்ணுக்குப் புலப்படாமல் சற்றுத் தள்ளியே வெளுக்கும். நீரோ முனையிலிருந்தே வெண்மையாய், கனத்து, ஈரமாய் வரும். பிறகு வடிவாயை மூடு; நீர் கண்ணாடியின் உச்சிவரை துள்ளி ஏற வேண்டும். கடைசியாக மேல்வாயைத் திற. ஏறிய நீர் இறங்கி, தன் மட்டத்தில் ஆடி நிற்க வேண்டும். சோம்பி மெல்ல ஏறினாலோ மெல்ல இறங்கினாலோ வழியில் படிவு சேரத் தொடங்கிவிட்டது என்று பொருள். திருகுகளை மெல்லத் திருப்புங்கள். கண்ணாடிக்கு நேர்முன் நில்லாது ஒருபக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பணி மாறும் ஒவ்வொரு முறையும், ஐயம் தோன்றும் ஒவ்வொரு வேளையும் இதைச் செய்ய வேண்டும். வந்தவர் செய்ய, போகிறவர் பார்த்திருந்து போவது இன்னும் நன்று.

இது ஏதோ சிற்றூர் ஆலையில் மட்டும் நிகழும் குறையென்று கருதாதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்டனர்சு என்னுமிடத்தில், 1995 சூன் 16 மாலை, பயணிகளை ஏற்றிச் சென்ற நீராவித் தொடர்வண்டியின் பொறியில் அடுப்பின் கூரைத்தகடு கிழிந்தது. பொறியிலிருந்த பணியாளர் மூவர் வெந்து புண்பட்டனர். அவருள் ஒருவர் நிலை கொடிது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆய்ந்தது. கூரைத்தகட்டை மூட வேண்டிய நீர் குறைந்திருந்தது. நீர்காட்டியின் வழிகளில் உப்புப்படிவு அடைத்திருந்தது. பொறியைச் செவ்வையாகப் பேணாமையும், பணியாளர்க்கு முறையான பயிற்சி தராமையுமே கரணியம் என்று அவ்வாரியம் எழுதிற்று. அறிவியலில் தலைநின்ற நாடு. அங்கும் அதே படிவு, அதே கண்ணாடி. ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தும் பயிற்சியில்லார்க்கு அது உதவவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. மொழி மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை. விளங்காத மொழியில் பயிற்சியே தொடங்காது என்கிறேன்.

நம் நீலமலைத் தொடர்வண்டியை எண்ணிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க்கு நீராவிப் பொறிகள் வண்டியைத் தள்ளி ஏறுகின்றன. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். பன்னிரண்டடி நீளமுள்ள கொதிகலன் அங்குச் சாய்ந்து நின்றால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீராழத்தில் ஓரடி வேறுபாடு! ஒரு முனையில் பொருத்திய கண்ணாடி மறுமுனையைப் பற்றி என்ன சொல்லும்? அப்பாதையின் ஓட்டுநர்கள் கண்ணாடியோடு மலையையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள். அப்பொறிகளுட் சிலவற்றை நம் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளரே கட்டினர் என்பதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்கிறது.

உங்கள் ஆலை சமதரையில் இருப்பினும் மட்டம் மயக்குவதுண்டு. ஆவியை விரைந்து திறந்துவிட்டால் கலனில் அழுத்தம் தாழும். நீர் முழுதும் குமிழி எழுந்து பொங்கும். கண்ணாடியில் மட்டம் உயரும். நீர் கூடிற்று என்று எக்கியை நிறுத்திவிடாதீர்கள். உலை பொங்கினால் அரிசி பெருகிற்று என்றா கொள்வோம்?

கண்ணாடியில் நீரே தெரியவில்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்பதும் தெரியவில்லை. அப்பொழுது என்ன செய்வது? நெருப்பை நிறுத்துக. காற்றை நிறுத்துக. எக்கியைத் தொடாதீர். ஆவி வாய்களையும் காப்பு வாயையும் திடுமெனத் திறவாதீர். உடனிருப்பாரை வெளியேற்றி நீங்களும் விலகுங்கள். தகடு பழுக்கக் காய்ந்திருக்குமாயின், மேலே விழும் நீர் ஒரே நொடியில் ஆவியாகும். தகடும் திடீரெனக் குளிர்ந்து சுருங்கும். வறண்ட இருப்புச் சட்டியில் நீரூற்றிப் பார்த்தவர்க்கு விளக்க வேண்டா. நீர் குறைந்தால் நீரூற்ற வேண்டும் என்பது இயல்பான அறிவு. இங்கு அவ்வியல்பான அறிவே கொல்லும். அன்று அந்த முதியவர் மேற்பார்வையாளரின் கத்தலுக்குச் செவிகொடுத்திருந்தால் என் மாணாக்கனை நான் கண்டிருப்பேனா, அறியேன்.

கடைசிக் காவலாக ஒன்றுண்டு. நீங்கள் 'ஈயத்தக்கை' என்பது. நீர் விலகினால் வெப்பத்தால் ஈயம் உருகி, ஆவி அத்துளை வழியே அடுப்பிற் பாய்ந்து எச்சரிக்கும். இதற்கொரு வரலாறு உண்டு. 1803-இல் இலண்டனை அடுத்த கிரீனிச்சில், இரிச்சர்டு திரெவிதிக்கு என்பார் அமைத்த பொறியின் கொதிகலன் வெடித்து நால்வர் மாண்டனர். அதைப் பார்த்துக் கொள்ள விட்டிருந்த சிறுவன் விலாங்கு பிடிக்கப் போய்விட்டானாம். அதன் பின்னரே திரெவிதிக்கு உருகுதக்கையைக் கண்டார். சிறுவனைக் குறைசொல்லி அவர் அமர்ந்துவிடவில்லை. சிறுவன் இல்லாத வேளையிலும் காக்கும் ஒன்றைத் தேடினார். ஆனால் ஈயத்தக்கையின் மேலும் உப்புப் படியும். படிந்தால் உருக வேண்டிய நேரத்தில் உருகாமற் போகலாம். அதையும் காலந்தோறும் கழற்றிப் பார்த்து மாற்றவேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1923-இல் வெள்ளையராட்சி இயற்றிய கொதிகலன் சட்டம் நூறாண்டு கடந்து நின்று, 2025-இல் புதுச் சட்டத்துக்கு இடம் விட்டது. கண்ணாடி இரண்டு இருக்க வேண்டும் என்னும் நெறியும் நெடுநாளாகவே உண்டு. ஒன்று உடைந்தவுடன் மாற்றித் தருமாறு கேட்பது உங்கள் உரிமை; இரப்பன்று. கேட்டும் தராத இடத்தில், கேட்டதை நாட்பதிவேட்டில் எழுதி வையுங்கள்; தமிழில் எழுதுங்கள்.

நான் சொன்ன ஆய்வுமுறையை வெள்ளைப் பலகையொன்றில் சிவப்பு மையால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். மேல்வாய், கீழ்வாய், வடிவாய் என்னும் மூன்று சொற்களும் படத்தோடு உள்ளன. எழுத்து என்னுடையது, படம் என் பழைய மாணாக்கனுடையது. அவன் இன்று முதல்வரிசையில் அமர்ந்திருக்கிறான். பெயர் சொன்னால் நாணுவான். படி எடுத்துச் செல்ல விரும்புவோர்க்குத் தாள்களும் உண்டு. உங்கள் ஆலையில் வேறு சொல் வழங்கினால் அதையே எழுதிக் கொள்ளுங்கள்; எனக்கும் அச்சொல்லை ஒரு வரி எழுதி விடுங்கள்.

மணி ஒன்பதாகிறது. இரவு முறைக்குச் செல்வோர் எழலாம்.